முதல் கட்டத்தில் ஓர் எண்

இன்று காலை மேசைக்கு வந்த உறையைப் பிரித்ததும் ஈரக் காகித வாசனை அடித்தது. சாரல் காலத்தில் நம் கல்லூரியில் எந்தத் தாளும் நமுத்துப்போகாமல் இருந்ததில்லை. உள்ளே என்னைப் பற்றி மாணவர்கள் எழுதிய மதிப்பீட்டுப் படிவங்கள். உடனே உன் நினைவுதான் வந்தது.

நான் துறைத் தலைவி ஆன புதிதில் உன் வகுப்புப் படிவங்களும் இப்படித்தான் வந்தன. மதிப்பெண் படுமோசம். மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உன் பதவி உயர்வு நின்றுபோனது. இருபது வருஷத் தோழிக்கு நான் செய்த காரியம் அது.

நீ சண்டைக்கு வரவில்லை. இலஞ்சி பேருந்துக்கு நிற்கும்போதுதான் கேட்டாய். “ஏட்டி, எத்தன பேரு எழுதிருக்காவன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. மறுநாள் எண்ணினேன். அறுபது பேரில் பதினொரு பேர். தண்ணீர் நன்றாக விழுகிறது என்று மற்றவர்களெல்லாம் ஐந்தருவிக்குப் போய்விட்ட நாளில்தான் படிவம் கொடுத்திருந்தார்கள். வருகை குறைவு என்று நீ கண்டித்து வைத்திருந்தவர்கள் மட்டும் பயந்துபோய் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் படிவத்தைக் கொடுத்தால் என்ன எழுதுவார்கள்?

“கையெழுத்துப் போட்டாச்சேட்டி” என்று உன்னிடம் வந்து நின்றேன்.

“போட்ட கை இங்கனதான இருக்கு. திருத்து.”

“இப்பம் மாத்துனா ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு மேடம்” என்றார் முதல்வர். வந்தால் வரட்டும் என்று என் தவற்றை எழுதிக் கொடுத்தேன். வெயில் அடித்த ஒரு நாளில் மறுபடி படிவம் கொடுத்தோம். ஐம்பத்தேழு பேர் எழுதினார்கள். நல்ல மதிப்பெண். ஆனாலும் பாதிப் பேர் ‘வேகமாகப் பேசுகிறார்’ என்று எழுதியிருந்தார்கள். நீ படித்துவிட்டு, “அது உண்மதான்” என்று சிரித்தாய். அடுத்த பருவத்தில் நிதானமாகவும் பேசினாய்.

பதவி உயர்வு ஆணை வந்து, புதிய பதவியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத்தான் நோயில் படுத்தாய். நீ போன துக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதில் இந்தக் குற்ற உணர்வு கலக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் நிம்மதியாக இருக்கிறது.

தலைமைப் பொறுப்பு இப்போது வேறொருவரிடம். படிவத்தின் முதல் கட்டம், ‘அன்று வகுப்பில் இருந்தவர்கள்’. நீ கேட்ட கேள்வியால் வந்த கட்டம். இன்று அதில் ஐம்பத்து நான்கு என்று எழுதியிருந்தது. கீழே பலருடைய புகார் ஒன்றுதான்: ‘எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்கிறார்.’

சுருக்கென்றது. எண்ணைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். பிறகு ஆசிரியரின் பதில் என்ற இடத்தில் ‘அது உண்மைதான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைப் போலவே சிரித்தும்விட்டேன்.