‘திரும்பினோம்’ என்று எழுதிய அண்ணன்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்தே வயிற்றெரிச்சல். இழப்பை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி ஓர் ஆளை அனுப்பியிருக்கிறது. அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஒவ்வொரு தாளாகச் சலித்தார். டீ கொடுத்தால், “வேணாம் மேடம், அப்புறம் நன்றிக்கடன் ஆயிடும்” என்கிறார். சிரிப்பு வேறு!

எங்கள் கம்பெனிக்கு இருப்பது ஒரே ஒரு சுற்றுலாக் கப்பல். போன மாதம் நடுக்கடலில் தொண்ணூறு பயணிகளுக்கு வாந்தி, பேதி. போகவேண்டிய துறைமுகத்துக்குப் போகாமல் கப்பல் இங்கேயே வந்துவிட்டது. சுகாதாரத் துறை சீல் வைத்தது. அடுத்த ஐந்து பயணங்களும் ரத்து. இப்படித் தொழில் நின்றுபோனால் ஈடுகட்டத்தான் காப்பீடு எடுத்தோம். எடுத்தவள் நான், இந்த அலுவலகத்தில் என் வேலையே அதுதான். ஈடு வராவிட்டால் கப்பலை விற்றுவிடுவேன் என்று முதலாளி பட்டென்று சொல்லிவிட்டார். விற்றால் நூற்று அறுபது பேர் தெருவில் நிற்க வேண்டும். அதில் நானும் ஒருத்தி.

மார்ச் 5

கண்டுபிடித்துவிட்டார், பாவி.

துறைமுகம் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால் ஈடு உண்டு. கேப்டன் தானாக முடிவெடுத்துத் திரும்பினால் கிடையாது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. கப்பலின் குறிப்பேட்டில் அன்று கேப்டன் எழுதியது ஒரே வரி: ‘மாலை 6.30. திரும்பினோம்.’

சல்லடை அந்தச் சொல்லின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டார்: “திரும்பினாங்களா மேடம், திருப்பினாங்களா?”

“வராதேன்னு துறைமுகத்துலேருந்து செய்தி வந்துச்சே சார்.”

“வந்துச்சு. நேரம் போட்ட நகல் கேட்டிருக்கேன். உங்களுக்கும் அனுப்பச் சொல்றேன்.”

அந்த மகாராசன் கேப்டன் வேறு யாருமில்லை. என் கூடப்பிறந்த அண்ணன்.

மார்ச் 6

முதலாளி கூப்பிட்டார். “உங்க அண்ணன்கிட்ட பேசுங்கம்மா. வார்த்தை தவறி விழுந்துடுச்சுன்னு ஒரு வாக்குமூலம், ஒரு கையெழுத்து. முடிஞ்சுது.”

எல்லாக் கேப்டன்களுக்கும் இந்த வியாதி உண்டு. தன் கப்பலை இன்னொருத்தன் திருப்பினான் என்று எழுதக் கை வராது. புயல் தூக்கி அடித்தாலும் ‘விலகினோம்’ என்றுதான் எழுதுவார்கள். அப்படியென்ன கௌரவம்?

மார்ச் 8, சனி

அண்ணன் வீட்டில் சண்டை. நல்ல சண்டை.

“எழுதினது எழுதினதுதான்” என்றான், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“உன் வீம்புக்கு நூத்தி அறுபது குடும்பம் பட்டினி கிடக்கணுமா?”

“வீம்பா?”

“ஆமா, வீம்புதான்! என் பொண்ணு படிப்பு நின்னுச்சுன்னா, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்.”

அண்ணி, “மெதுவா பேசு” என்றாள். நான் ஏன் மெதுவாகப் பேச வேண்டும்? அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9

போன் இல்லை. நானா செய்வேன்? போடா.

மார்ச் 11, செவ்வாய், மதியம்

நகல் வந்துவிட்டது. மூன்று தடவை படித்தேன். துறைமுகம் ‘வராதே’ என்று சொன்ன நேரம் 6.50.

இவன் திரும்பியது 6.30. யாரும் திருப்பவில்லை.

கப்பல் டாக்டரின் ஏட்டைத் தேடி எடுத்தேன். ஏற்றுவதற்குக் குளுக்கோஸ் தீரப்போகிறது, இரண்டு பேர் பெரிய ஆஸ்பத்திரி இல்லாமல் பிழைக்க மாட்டார்கள் என்று ஆறு மணிக்கே எழுதியிருக்கிறார். போகவேண்டிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. இங்கே இருக்கிறது. இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதியவனை வீம்புக்காரன் என்று கத்திவிட்டு வந்திருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு போவேன்?

முதலாளியிடம் காட்டினேன். முகம் மாறவே இல்லை. “இருபது நிமிஷம்தானேம்மா. கப்பல் கடிகாரம் தப்பா ஓடக் கூடாதா?” முன்பே தெரிந்திருக்கிறது மனிதருக்கு!

பன்னிரண்டு மணிக்குச் சல்லடை வந்து அதே கேள்வியைக் கேட்டார். சொல்லிவிட்டேன். “அவர்தான் திரும்பினார் சார். யாரும் திருப்பல.” எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. மாலையில் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மார்ச் 11, மாலை

அண்ணிதான் கதவைத் திறந்தாள். “வா. இப்ப திருப்திதானே? காலையில உங்க முதலாளிகிட்ட போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டார். துறைமுகம்தான் திருப்பிச்சு, எழுதினது தப்புன்னு. உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிட்டாங்களாம்.”

“ஏன் அண்ணி?”

“ஏனா? தங்கச்சி கேட்டுட்டாளேன்னுதான்.”

நான் மதியம் செய்ததைச் சொன்னேன். காலையில் வாங்கிய கையெழுத்தைப் பற்றி முதலாளி என்னிடம் மூச்சே விடவில்லை. உள்ளேயிருந்து அண்ணன் வந்தான்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீ சொல்லியிருக்கலாம்ல?”

அண்ணி கதவைச் சாத்தினாள். நான் வெளியே இருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

ஈடு கிடையாது. கடிதம் வந்துவிட்டது. பொய் வாக்குமூலம் கொடுத்த கேப்டன்மேல், கப்பலோட்ட உரிமம் தரும் அதிகாரியிடம் புகாராம். சல்லடைக்கு அது வேலை. எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. கப்பலை விலைபேசியாகிவிட்டது. “அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னைக் கவுத்துட்டாங்க” என்று முதலாளி எல்லோர் காதுபடச் சொன்னார். அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்கியது யாராம்? என் மேஜையைக் காலி செய்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

நாளை விசாரணை. நானும் சாட்சி. கப்பல் கடிகாரம் சரியாக ஓடியதா தெரியாது என்று மட்டும் சொன்னால் அண்ணன் தப்பிக்க வழி இருக்கிறது என்று அவனுடைய வக்கீல் சொன்னார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பெற்ற தாய் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? சொல்லத்தான் போகிறேன்.

சாயங்காலம் அண்ணனே போன் செய்தான். எட்டு வாரம் கழித்து.

“வக்கீல் என்ன சொல்லித் தந்தான்னு தெரியும். அன்னைக்கு இன்சூரன்ஸ்காரர்கிட்ட சொன்னதையே சொல்லு. எனக்காக மாத்தாதே.”

“அண்ணா...”

வைத்துவிட்டான்.

மே 7, புதன்

சொன்னதையே சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அண்ணன் எதிரே உட்கார்ந்து, சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தான். உரிமத்தை இரண்டு வருடத்துக்கு நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் என்னைப் பார்க்காமல் அண்ணியோடு ஆட்டோ ஏறிப் போய்விட்டான்.