அக்கா கொட்டிய சாம்பல்

12-1-1938
திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டி முடிந்தது. செல்லி அக்கா தினமும் அடுப்புச் சாம்பலைக் கூடையில் அள்ளிவந்து கொடிகளின் அடியில் கொட்டுகிறாள். மாமா இறந்தபின் அவள் இங்கே வந்த நாளிலிருந்து இதே வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான்; யார் சொல்லித் தடுப்பது?

24-2-1938
இலையெல்லாம் வெள்ளை. காற்றில் பறந்த சாம்பல் என்று பத்து நாள் சும்மா இருந்துவிட்டேன். சாம்பல் நோயாம்! சேலத்திலிருந்து கந்தகத் தூள் வரவழைத்துத் தூவினேன்.

10-3-1938
நோய் நின்றது. மிச்சத் தூளை வீணாக்காமல் வேரடியில் கொட்டினேன். பையில் விற்கும் சீமை உரம் தொட்டவனில்லை நான், சாணமும் கந்தகமும்தான். இதில் என்ன கெடுதல் வந்துவிடும்?

7-8-1940
மூன்றாம் வருஷமாக வாராவாரம் கந்தகம். "நோவே இல்லையேடா, எதுக்குத் தூவற? மண்ணு நாறுது" என்கிறாள் அக்கா. வராமலிருக்கத்தானே தூவுவது! இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

21-9-1940
மறுபடி வெள்ளை. இலையில் இருப்பது நோயா, அவள் சாம்பலா? ஆத்திரம் வந்துவிட்டது. "உன் கை பட்டுத்தான் கொடி பட்டுப்போவுது. தாலி அறுத்தவ தோட்டத்துல கால் வெக்காத" என்று கத்திவிட்டேன். கூலியாட்கள் முன்னாலேயே. அக்கா கூடையைக் கீழே வைத்தாள்.

அப்புறம்தான் இலையைத் துடைத்துப் பார்த்தேன். சாம்பல்தான்.

22-9-1940
விடியும் முன்பே அக்கா பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

4-7-1942
உலகச் சண்டையால் கந்தகம் கிடைப்பதில்லை. தூவாமலே மண் நாறுகிறது.

11-11-1943
பந்தலடியில் விதைத்த தட்டைப்பயறு முளைக்கவில்லை. கொடிகள் மஞ்சள். விவசாய இலாகாக்காரர் மண்ணைக் கரைத்து நீலக் காகிதத்தை நனைத்தார், சிவந்துபோனது. "கந்தகம் சேந்து சேந்து மண்ணு புளிப்பாயிருச்சுங்க. புளிப்பை முறிக்கச் சாம்பல் போட்டிருக்கலாமே?" என்றார்.

அடுக்களைப் பக்கத்து இரண்டு கொடிகளின் அடியில் மட்டும் பயறு முளைத்திருக்கிறது. அக்கா அதிகம் கொட்டிய இடம்.

2-12-1943
பாப்பிரெட்டிப்பட்டி போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் மண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன் — பாவி. அக்கா கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு மூட்டையை இழுத்து வந்தாள்.

"சாம்பல்தானடா வேணும்? எடுத்துக்கிட்டுப் போ. நான் வரலை தம்பி."

15-1-1944
மூட்டை நாலு கொடிக்குத்தான் வந்தது. அக்கா போனதிலிருந்து நானே பொங்கித் தின்கிறேன். ஒற்றை ஆள் அடுப்பில் ஒரு கைப்பிடிச் சாம்பல்கூடச் சேரமாட்டேன் என்கிறது.