தோசைக்கல்லில் நிழல் விழும் நேரம்

1993

ஆகஸ்ட் 19, வியாழன்

மழை. காலையிலிருந்து விடவில்லை. பின்பக்கக் கூரைப் பீலி ஒழுகுகிறது. நான் நகரசபையில் வடிகால் பொறியியலாளர், சொந்த வீட்டுப் பீலி ஓட்டை. மனைவி தேவகி இதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

பாம் என்ற பெண்மணி போன் எடுத்தார். எங்கள் பனிச்சறுக்கு (ஸ்கீ) கிளப்பின் பத்திரிகை அவர் பொறுப்பு. அரைப்பக்கம் எழுதித் தரட்டாம்: எனக்குப் பிடித்த சறுக்குப் பாதைகள், எனக்கு மிகக் கடினமான சறுக்குப் பாதைகள். கிளப்பில் தமிழன் நான் ஒருவன். நாற்பது வயதில் சறுக்கப் பழகியவனும் நான் ஒருவன். காட்சிப் பொருள். சரி என்றேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

காரணத்தை இங்கே மட்டும் எழுதலாம். கண். விழித்திரை ஓரத்திலிருந்து உள்ளுக்குப் பழுதாகிக்கொண்டு வருகிறது. மூன்று வருடமாகத் தெரியும். இருட்டில் பூச்சியம். பகலில் நடுவில் ஒரு வட்டம் மட்டும், குழாய்க்குள்ளால் பார்ப்பது மாதிரி. குழாய் ஆண்டுக்காண்டு ஒடுங்கும். மருந்து இல்லை, சத்திரசிகிச்சை இல்லை, கண்ணாடி போட்டும் பிரயோசனம் இல்லை. டாக்டர் அன்றைக்கு அளவுக்கு மிஞ்சி மரியாதையாகக் கதைத்தார். அதிலேயே விளங்கிவிட்டது.

தெரிந்தவர்கள்: தேவகி, டொரன்டோவில் அம்மா. அம்மா நம்பவில்லை. மகள் அபிக்கு "அப்பாவுக்கு இருட்டில் கண் தெரியாது" என்ற அளவில்.

நாளைக்குப் பனிமலை. ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். எடுக்க: கையுறை (அபியின் இடது கையுடையது காணவில்லை), புளிச்சாதம், கிளப் சமையலறை முறைக்குப் பருப்பு, பனிக்குச் சக்கரத்தில் கட்டும் சங்கிலி, விக்ஸ். கார் ஓட்டுவது தேவகி. பொழுதுபட்டால் நான் ஸ்டியரிங் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தாயிற்று. உடம்பெல்லாம் நோ. இங்கே எங்கள் மவுண்ட் ஆல்பர்ட் தெருவில் இன்னும் அதே மழை. நனைந்த காலுறைகள் ஹீட்டரில், வீடு முழுக்க மணம்.

முதலில் பாமுக்கான அரைப்பக்கத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன். பாதைகளுக்கு உத்தியோகபூர்வப் பெயர்கள் வேறு. இவை நானும் அபியும் வைத்தவை. சனம் நிறைந்த மலையேற்றும் லிஃப்டில் இருந்துகொண்டு எங்கள் பாட்டுக்குக் கதைக்கலாம்.

வெயில் இறக்கம். வடக்குப் பார்த்தது, இந்தத் தென்கோளத்தில் வெயில் அந்தப் பக்கம்தான். காலையில் நல்ல வெளிச்சம், அகலம், கீழே வரைக்கும் ஒரே சரிவு. எனக்கு உலகத்திலேயே பிடித்த இடம் இதுதான். இங்கே நான் நோயாளி இல்லை.

மாமி முதுகு. மேடும் பள்ளமுமாக. அபிக்குப் பிடித்தது. எனக்கு முழங்கால் கதறும். எந்த மாமி என்று தேவகி கேட்டாள், நாங்கள் சொல்லவில்லை.

யமன் வாசல். இரண்டு பாறைக்கு நடுவில் ஒரு ஒடுக்கம். எல்லோரும் பயப்படுவது. மேலே நின்று எட்டிப் பார்த்தால் ஸ்கீப் பலகையின் நுனிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. நான் இரண்டு தரம் இறங்கியிருக்கிறேன். ஒரு தரம் நின்றபடி, ஒரு தரம் பின்பக்கத்தால். கடினம், ஆனால் எங்கே இருக்கிறேன் என்று தெரியும்.

தோசைக்கல். அடிவாரத்தில், பழகுகிறவர்களுக்கானது. சரிவு என்று சொல்ல வெட்கம், எங்கள் கழிவுநீர்க் குழாய்க்கே இதைவிட இறக்கம் வைப்போம். காலையில் நாலு வயதுப் பிள்ளைகள் போகிறார்கள். ஆனால் பின்னேரம் மலைமுகட்டின் நிழல் வந்து விழுந்ததும் எல்லாம் ஒரே சாம்பல். மேடு எது, பள்ளம் எது, பனி எங்கே முடிகிறது, கயிறு எங்கே இருக்கிறது, ஒன்றும் இல்லை. விடுதிக்குத் திரும்ப வேறு வழியும் இல்லை. இந்த மலையில் எனக்கு ஆகக் கடினமான பாதை இதுதான். பாமுக்கு இதை எப்படி எழுதுவது.

இனி நேற்று நடந்தது.

எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. அபி மஞ்சள் ஜாக்கெட்டோடு முன்னால். நான் அதை வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு பின்னால். அவள் திரும்பாமலே கத்திக்கொண்டு போவாள்: "பம்ப், அப்பா. ரைட், அப்பா. ஐஸ், அப்பா." அவள் திரும்பினால் நான் திரும்புவேன். இரண்டு குளிர்காலம் இப்படித்தான். என் கண் போனால் என்ன, பிள்ளையின் கண் இருக்கிறது என்று தேவகியிடம் பெருமையடித்திருக்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் தோசைக்கல். நிழல் விழுந்துவிட்டது. அபி கத்தவில்லை. களைப்பு என்று நினைத்தேன். மெதுவாகப் போனாள், அவள் ஒரு நாளும் மெதுவாகப் போகிறவள் இல்லை. பிறகு நேரே எல்லைக் கயிற்றுக்குள் போய்விட்டாள். செம்மஞ்சள் கொடி கட்டின கயிறு, கம்பம் கம்பமாக. நான் அவளுக்கு மேலே. இரண்டு பேரும் பள்ளத்துக்குள்.

அடி இல்லை. ஒரு ஸ்கீ கழன்றது.

"வேர் வாஸ் இட்?" என்றாள். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கயிறு எங்கே இருந்தது என்று கேட்கிறாள்.

அவளிலும் சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. அவர்களுக்கு அந்தக் கயிறு தெரிந்தது.

இன்று திரும்பி வரும் வழி. அபி பின் சீட்டில் நித்திரை. நித்திரையோ தெரியாது.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

வெயில், காற்று. பாமுக்கு அரைப்பக்கம் தபாலில் போட்டேன். பிடித்தது வெயில் இறக்கம், கடினம் யமன் வாசல். எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன்.

இன்று தேவகியிடம் என் சந்தேகத்தைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை களைச்சுப்போச்சு. நாள் முழுக்க ஏறி இறங்கினா விழாமல் என்ன செய்யும்?"

"சின்னப் பிள்ளையள் விழேல்லை."

"நீங்கள் எல்லாத்திலயும் உங்களைத்தான் பாக்கிறியள்."

உண்மையாக இருக்கலாம். அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது. நான் ஒரு பயந்தாங்கொள்ளி, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

இருந்தும் பார்க்கிறேன். நிறுத்த முடியவில்லை. பின்னேரம் அபி நடைகூடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறாள். எல்லாப் பிள்ளைகளும் தடவும். தரையில் விழுந்த பென்சிலுக்கு மேசை லாம்பைப் போடுகிறாள். எல்லோரும் போடுவார்கள். கட்டாக்காலி நாய் மாதிரி பிள்ளைக்குப் பின்னால் திரிகிறேன்.

பல் டாக்டர், அபி, புதன் மாற்ற வேண்டும். பீலி இன்னும் அப்படியே.

ஆகஸ்ட் 28, சனி

நல்ல வெயில். புக்கெகோஹித் தோட்டப் பக்கம் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வாங்கப் போனோம். சுப்ரா குடும்பமும் கூட. மலேசியாக்காரர், பக்குரங்காவில் இருக்கிறார்கள். மூட்டையாக வாங்கிப் பங்கு போட்டால் மலிவு.

சரக்குக் கொட்டகைக்குள் போக வேண்டும். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. நான் வழக்கமாக வாசலில் நின்று கண் பழகும் வரை சப்பாத்துக் கயிறு கட்டுவதாக நடிப்பேன். நல்ல உத்தி. யாரும் கேட்டதில்லை.

சுப்ராவின் இரண்டு பொடியன்களும் உள்ளே ஓடி மூட்டைகளுக்கு மேலே ஏறிவிட்டார்கள்.

"என்ன சார், வாசல்லயே நின்னுட்டீங்க?" சுப்ராவின் குரல், உள்ளே எங்கேயோ. "உள்ள வாங்க லா, வெங்காயம் ஒண்ணும் கடிக்காது."

நிமிர்ந்தேன். எனக்குப் பக்கத்தில் அபி. குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய சப்பாத்துக்குக் கயிறு இல்லை, ஒட்டுகிற பட்டி. அதைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள், எத்தனை காலமாகவோ. தேவகி கார்ப் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அதன் பிறகு அவள் களைப்பு என்ற கதையை எடுக்கவில்லை.

வெங்காயம் அரை மூட்டை, உருளைக்கிழங்கு ஒரு மூட்டை.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

தூறல். அம்மா டொரன்டோவிலிருந்து போன். தேவகி அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். நான் போனை வாங்கிக் கதைத்தேன்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை தம்பி. பொம்பிளைப் பிள்ளை. நாளைக்கு ஒரு இடத்தில கலியாணம் பேச வேணும்."

"அவளுக்குப் பதினொரு வயசு, அம்மா."

"வயசு அப்பிடியே நிக்குமே? எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் கண் பிழையில்லை. நீ அந்த ஊரில பனிக்குள்ள திரிஞ்சு கெடுத்தனி. பிள்ளையையும் கொண்டு திரிஞ்சாய்."

பரம்பரையில் ஒருத்தருக்கும் இல்லையாம். அப்பாவின் பெரியப்பா பொழுதுபட்டால் வெளிக்கிட மாட்டார். கிணற்றடிக்குக்கூட ஆள் துணை வேண்டும். பேய்க்குப் பயந்த மனுசன் என்று ஊரே பகிடி பண்ணும், நாங்களும் பண்ணினோம். இதைச் சொன்னேன். அம்மா உடனே, அங்கே என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

என் டாக்டரின் கிளினிக்கில் யாரோ வராமல் விட்ட இடம், அபியை வியாழன் கூட்டி வரச் சொன்னார்கள். யாரோ ஒருவர் வராததை அதிர்ஷ்டம் என்று தேவகி சொன்னாள். பிறகு அந்தச் சொல்லுக்காகத் தன்னையே திட்டினாள்.

கும்பிடச் சொல்கிறாள். கும்பிட்டேன். என்ன கேட்பது என்று வரவில்லை.

செப்டம்பர் 2, வியாழன்

மப்பும் மந்தாரமும். காற்று இல்லை.

அபிக்குப் பள்ளி விடுமுறை, அதனால் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. நான் நகரசபைக் கந்தோருக்கு வயிற்றுவலி என்று சொன்னேன்.

சோதனைகள் எனக்குச் செய்த அதே வரிசை. கண்ணில் துளிமருந்து. எரிகிறது என்றாள். பிறகு வெள்ளைக் கிண்ணத்துக்குள் நாடியை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்த வேண்டும். அமத்தினால் டிக் என்று ஒரு சத்தம். நான் அறை மூலையில். டிக், டிக், டிக். பிறகு நீளத்துக்குச் சத்தமே இல்லை. அந்த நேரம் புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். நான் சுவரில் இருந்த படகுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிய, நன்றாகச் செய்தேனா என்று தாதியிடம் கேட்டாள். மிக நன்றாக என்றார். நல்ல மனுசி.

பிறகு இருட்டறைச் சோதனை, கண்ணில் வில்லை, அதில் வயர். தேவகி அபியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். இருட்டில் நான் எதையாவது தட்டி விழுத்துவேன் என்ற பயமாக்கும்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. அதே நோய். விழித்திரையில் கறுப்புத் துணுக்குகள் ஏற்கனவே வந்துவிட்டன. இந்த வயதிலேயே இவ்வளவு இருப்பது நல்ல குறி இல்லை. எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது. என்னைவிடச் சீக்கிரமாக இருக்கலாம்.

பிறகு, மன்னிக்க வேண்டும், நீங்கள் இருவரும் சொந்தக்காரரா என்று கேட்டார். என்னிடம் மூன்று வருடத்துக்கு முன் அப்பா அம்மாவைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்.

தேவகி என் தாய்மாமன் மகள். சொன்னேன். என் அப்பாவும் அம்மாவும் மச்சான் மச்சாள். அதையும் திரும்பச் சொன்னேன். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தைக் கீறினார். கலியாணத்துக்கு ஒற்றைக் கோடு. சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இரட்டைக் கோடு. எங்கள் தாளில் இரண்டு இடத்தில் இரட்டைக் கோடு. ஊரில் இதற்குப் பேர் உரிமை. நகை நட்டு வெளியே போகாது, பழக்கவழக்கம் தெரிந்த பிள்ளை, விசாரிக்கத் தேவையில்லை. அவ்வளவு நல்ல பொருத்தம்.

அபியிடம் வர இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வர வேண்டும் என்று டாக்டர் விளக்கினார்.

"அப்ப பாதி என்ர," என்றாள் தேவகி, தமிழில், என்னிடம்.

"நீர் சும்மா இரும்."

"இல்லை. பாதி என்ர."

டாக்டர் மரியாதையாகக் காத்திருந்தார். அபி கறுப்புக் கண்ணாடியோடு நடுக் கதிரையில். பெரியாட்கள் தமிழில் கதைத்தால் அவளுக்கு முழுக்க விளங்காது என்று இவ்வளவு காலமும் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இங்கே பிறந்தவள், எதைக் கேட்டாலும் பதில் இங்கிலீஷ்தான்.

கவுண்டரில் அடுத்த திகதி தந்தார்கள். வருடம் ஒரு தரம் பார்ப்பார்களாம். பார்க்க மட்டும்.

மூன்று பேரும் காரில். தேவகி ஓட்டம், நான் பக்கத்தில். அபி பின்னால். மருந்தினால் வெளிச்சம் கூசுகிறது என்று முகத்தை முழங்கைக்குள் வைத்திருந்தாள். ஏதாவது சாப்பிடுவோமா என்று கேட்டேன். சிவப்பு விளக்கில் நின்றோம்.

"அம்மா," என்றாள். தமிழில், ஒரு சொல் விடாமல். "உங்களுக்கும் அப்பாவுக்கும் இது முதலே தெரிஞ்சிருந்தா, என்னைப் பெத்திருப்பியளா?"

தேவகி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். விளக்குப் பச்சையாகியும் காரை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் "ஓம், பெத்திருப்பம்" என்று சொல்வதற்குள், பின்னால் நின்றவன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டான்.