வள்ளத்துக்கு வைத்த நீலம்

அன்பு மகள் ரிப்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கிண்ணியாவில் நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க அவனிடமே கேட்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தம்பி அகீலின் பெண்சாதி றஹ்மா. போனில் சொல்லக்கூடாதா மாமா, ஒரு நூலுக்கு இவ்வளவு கதையா என்று சிரிக்கிறாள். போனில் நேற்றும் சொன்னேன்தானே. நீ ஓம் வாப்பா, ஓம் வாப்பா என்றாய், ஊசி துணிக்குள் போய் வருகிற சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. மகள், இந்தக் கடிதம் கிடைத்ததும் ஊசியைக் கீழே வை. தைத்ததைப் பிரிக்காதே, இனித் தைக்கவும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சண்டையை நிறுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த வருசம், கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாமல் மிதவையில் ஏறிக் கடந்த காலம், நீ அம்மை போட்டு வேப்பிலை மணத்தோடு படுத்திருந்தாய். அந்த வருசம்தான் நானும் என் கூட்டாளி றம்ஸானும் காசு சேர்த்து வள்ளம் வாங்கினோம். பெயின்றை நான்தான் கலந்தேன், நீலம் ஒரு வாளி, பச்சை ஒரு சிரட்டை, கறுப்பு ஒரு கரண்டி. றம்ஸான் பார்த்துவிட்டு, என்ன ஆதம், கடலுக்குள்ள போனா வள்ளத்தத் தேடித்தான் புடிக்கணும் போல என்றான். உன் உம்மா சுஹைராவுக்கு அந்த நிறத்தில் அப்படி ஒரு ஆசை. கட்டக் கொப்பியில் கட்டம் கட்டமாகப் படம் கீறி, ஒவ்வொரு நிறத்துக்கும் நூல் நம்பர் எழுதி, நூலைக் குறுக்கே குறுக்கே போடுகிற புள்ளடித் தையலில் வள்ளத்தைத் தைக்கத் தொடங்கினாள். வானம் முடிந்தது, கடல் முடிந்தது, கரையில் நின்ற தென்னையும் முடிந்தது, வள்ளம் மட்டும் வெள்ளைத் துணியாகவே நின்றது. அதைத்தான் உம்மா மௌத்தான பிறகு நீ பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

நீ உங்கள் ஊர் நூலில் எட்டு நீலத்தை மட்டையில் கட்டி அனுப்பினாயே, கொப்பியில் இருக்கிற நம்பருக்கு லண்டன் கொம்பனி மார்க்கில் இந்த நம்பர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அது மூன்று நீலத்தைக் காட்டுகிறது, மற்றதையும் சேர்த்து வைத்திருக்கிறேன், வள்ளத்தின் நிறம் எது வாப்பா என்று கேட்டு. போனில் படம் அனுப்பிப் பார்த்தும் சரிவரவில்லை, றஹ்மாவின் போனில் ஒரு நீலம், அகீலின் போனில் வேறு நீலம். நான் மட்டையைக் கையில் வாங்கி, வாசலுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்து, மூன்றாவது என்று அடித்துச் சொன்னேன். வாப்பாட கண்ணுக்குப் பட்டியல் தேவையில்ல என்று நீயும் சந்தோசப்பட்டாய். எனக்கும் பெருமைதான், அதை மறைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை வலக்கண்ணில் படலம் எடுத்த ஒப்பரேசன் கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து முதலில் பார்த்தது சுவர், இவ்வளவு வெள்ளையா என்று றஹ்மாவிடம் கேட்டேன், எப்ப மாமா பெயின்ற் அடிச்ச, அது பழைய சுவர்தான் என்றாள். பிறகு அலுமாரியில் இருந்து உன் மட்டையை எடுத்தேன். மகள், மூன்றாவது நூல் பளீர் நீலம். பச்சை ஒரு சொட்டும் கலக்காத மை நீலம். இடக்கண்ணால் பார்த்தால் இன்னமும் எங்கள் வள்ளம், அதை மூடி வலக்கண்ணால் பார்த்தால் யாருடைய வள்ளமோ. ஆறு நாளாக ஒரு கண்ணை மாறி ஒரு கண்ணை மூடிப் பார்த்தபடி இருக்கிறேன், அகீல் என்ன வாப்பா கண்ணடிக்கிறீங்க என்று பகிடி பண்ணுகிறான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பன்னிரண்டு வரி தைத்துவிட்டேன் என்கிறாய். அந்தத் துணி கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு அலுமாரியோடு தண்ணீரில் கிடந்து காய்ந்த துணி, இற்றுப்போய் இருக்கும். நூலைப் பிரித்தால் துணியும் சேர்ந்து கிழியும், கிழிந்தால் பக்கத்தில் இருக்கிற உம்மாவின் கடலும் போய்விடும். அவளுடைய கைவேலை என்று நமக்கு மிஞ்சினது அந்த ஒரு துணிதானே.

இன்னொன்றையும் நான் உனக்குச் சொல்லாமல் விட்டது பிழை. கொப்பியில் இருக்கிற நம்பர் பாதி நிறம்தான். எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியாது, ஆனால் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தவன் நான். எந்த நூலும் சரிவராமல் உம்மா தன்னுடைய நூலில் ஓர் இழையும், மூதூர்க்காரியின் நூலில் ஓர் இழையும் உருவி, இரண்டையும் ஒரே ஊசியில் கோத்துத் தைத்துப் பார்த்தாள். ஒரு சின்னத் துண்டுத் துணியில் நாலு புள்ளடி. வள்ளத்தில் இருந்து நான் சுரண்டி வந்த பெயின்ற் பொருக்கை அதன்மேல் வைத்தால் எது பெயின்ற் எது நூல் என்று தெரியாது. இரண்டும் வேறு வேறு மார்க். உம்மா தன் நூலின் நம்பரை மட்டும் கொப்பியில் எழுதினாள், மற்றது மூதூர்க்காரியின் நூல்தானே என்று விட்டுவிட்டாள்.

மூதூர்க்காரி என்றால் உனக்குத் தெரியும், உம்மாவோடு ஒரே பாயில் இருந்து தைத்தவள். தன் மகளின் கலியாணத் தலையணை உறைக்கு, கடையில் பிறகு கிடைக்காத அந்த நூலை முழுக்கத் தைத்து முடித்துவிட்டு, ஒரு நூல்தானே சுஹைரா, வேற நீலத்தப் போட்டுத் தையன் என்று சொன்னாள். உம்மா துணியை மடித்து வைத்தாள், என்ட வள்ளத்த நடுக்கடல்ல விட்டவளிட பேர் இந்த ஊட்டுல வரப்படாது என்றாள், அவ்வளவுதான், வரவில்லை. வீம்பில் உன் உம்மாவை வெல்ல ஏலாது. அடுத்த வருசம் கடல் வந்து வள்ளத்தைக் கொண்டுபோனது, பொருத்திப் பார்க்கப் பெயின்றும் இல்லாமல் போனது. உம்மா மௌத்தான வீட்டுக்கு அவள் வந்தபோது நீயும் முகத்தைத் திருப்பினாய், உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் சலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவன்தான்.

போன மாதம் மூதூரில் ஒரு கலியாணத்தில் றஹ்மா அவளைக் கண்டிருக்கிறாள். அன்றைக்கு அவளுடைய தையல் பெட்டியோடு போன அந்தத் துண்டும் தன் நூலின் நம்பர்த் தாளும் அவளிடம் இன்னும் இருக்கிறதாம். சுஹைராட துண்ட நான் எறியல்ல, கேக்க வேண்டியவ கேட்டா குடுப்பன், இல்லாட்டி என்னோட கபுறுக்கு வரட்டும் என்றாளாம். கண் கட்டு அவிழ்த்த பிறகு நான் ஆள் அனுப்பினேன், தரவில்லை. ஆதம்பாவாக்குக் கண் தெரியாது, புள்ளையக் கேக்கச் சொல்லுங்க என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுக்கும் நெஞ்சு வருத்தமாம், றஹ்மா பார்த்தபோது கதைக்கும்போதே மூச்சு வாங்கினதாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், பிள்ளைகளை வெறும் வயிற்றில் பள்ளிக்கு விடாதே, இராத்திரி விளக்கில் நூல் பார்க்காதே, அது என்னைவிட மோசமாகப் பொய் சொல்லும். அல்லாஹ் உன் கண்ணையும் கையையும் பாதுகாக்கட்டும். ஆமீன்.

உன் வாப்பா
ஆதம்பாவா
(பெருவிரல் அடையாளம்)

அடையாளம் வைத்த பிறகும் மனம் கேட்கவில்லை, றஹ்மாவை இன்னும் நாலு வரி எழுதச் சொன்னேன். மகள், அந்த நீலத்தை நல்ல கண்ணால் பார்த்தவர்களை எண்ணிப் பார்த்தேன். றம்ஸான் கடலோடு போனான். நூல் விற்ற கடை முதலாளி இராசநாயகம் போன மழைக்குப் போனார். உன் உம்மா போய்விட்டாள். நான் இருந்தும் என் கண்ணை நம்ப ஏலாது. மூதூர்க்காரியின் போன் நம்பரைக் கீழே றஹ்மா எழுதுவாள், நீயே எடு, முதலில் சலாம் சொல், பிறகு கேள். பெயர் சொல்லிக் கூப்பிடு, இந்த வீட்டில் இருபது வருசத்துக்கு மேலாக யாரும் சொல்லாத பெயரை இன்றைக்கு நான் சொல்கிறேன். இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், ரபீக்கா.