மோட்டார் ரூம் கம்பியில் இருந்த பத்திரிகைகள்

நவம்பர் 12, புதன்

கம்பெனி மருத்துவ முகாமில் இவருடைய இசிஜியைப் பார்த்த டாக்டர், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருக்கிறார்களா என்று கேட்டாராம். இவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கேட்டால், "அப்பா வெயில்ல சுருண்டு வுழுந்தாரு. அதெல்லாம் ஒரு நோவா?" என்கிறார்.

எனக்கு மனசு ஆறவில்லை. கருமாதிப் பத்திரிகையை யாரும் வீட்டில் வைப்பதில்லை. சேரப்பணஞ்சேரியில் இவருடைய அத்தை மட்டும் வெளியே மோட்டார் ரூம் கம்பியில் குத்தி வைத்திருப்பார். மத்தியானம் போய் வாங்கி வந்தேன். இவருடைய தாத்தா நாற்பத்தாறு வயதில். சித்தப்பா நாற்பத்து மூன்றில். மாமனார் நாற்பத்தெட்டில். மூன்றிலும் 'எதிர்பாராத விதமாக' என்றே அச்சடித்திருக்கிறது.

இவரிடம் காட்டினேன். வயதைப் படிக்கவே இல்லை. "இத்த ஏன்டி வூட்டுக்குள்ள எடுத்தாந்த? மொதல்ல வெளிய போடு!" என்று கத்தினார்.

நான் வெளியே போடவில்லை. தாத்தாவின் பத்திரிகையில் துக்கத்துடன் அழைத்திருப்பவர் மாமனார். மாமனாரின் பத்திரிகையில் அழைத்திருப்பவர் இவர். இவருக்கு வருகிற தையில் நாற்பத்து நாலு.

இவர் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், பேரன் என்று எங்கள் மகன் கதிரின் பெயர். அப்போது அவன் கைக்குழந்தை.

டாக்டரிடம் இவரை மட்டும் கூட்டிப்போனால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.