எங்கள் தெருவில் வேறு தொழில் இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

சித்தப்பாவின் பட்டறையை மாதக் கடைசிக்குள் மூடச் சொல்லி நோட்டீஸ் வந்ததை அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். ஏன் வந்தது என்று சொல்லியிருக்க மாட்டார்.

போன வருடம் ஊரகத் திட்ட அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். விவசாயத்தை மட்டும் நம்பியிருக்கும் ஊர்களில் மற்றத் தொழில்களையும் வளர்க்கப் போகிறார்களாம். தொழில் நடக்கும் கொட்டகைகளுக்கு அனுமதியும் மின் இணைப்பும் முதலில் கிடைக்குமாம். நம் தெருவில் யாரும் நம்பவில்லை. இன்னைக்கு எழுதிக்குவான், நாளைக்கு வரி கேட்டு வருவான் என்றார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று முப்பத்தொரு படிவங்களையும் என் தலையில் கட்டினார்கள். 'விவசாயம் தவிர வேறு தொழில்' என்ற இடத்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எதிர்வீட்டு அத்தை தையல் மிஷினை மிதித்துக்கொண்டே, இல்லைன்னு போடும்மா என்றாள். பின்வீட்டில் ரொட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கேயும் 'இல்லை'தான்.

சித்தப்பா மட்டும் உள்ளதை எழுதச் சொன்னார். வெல்டிங் பட்டறை, வேலைக்கு மூன்று பேர், பம்பு பழுது பார்ப்பது, கேட் செய்வது. அதை எழுதும் முன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவன் ஒருத்தன் இருக்குன்னு எழுதினா எல்லா வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சு பாப்பாங்க, அவன் கெடக்கான், நீ இல்லைன்னே போடு என்றார். போட்டேன். சித்தப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எங்க ஆபீசரம்மா எழுதினத நான் வேற சரிபாக்கணுமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது அந்தப் படிவங்களை வைத்துப் போட்ட வரைபடம் வந்திருக்கிறது. பக்கத்து ஊரில் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தொழிலுக்கு என்று குறித்திருக்கிறார்கள். நம் தெரு மொத்தமும் விளைநிலம். அதில் பட்டறை வைப்பது விதிமீறல். மற்றவர்களின் வேலை வீட்டுக்குள் நடக்கிறது. சித்தப்பாவின் கொட்டகைதான் சாலையிலிருந்தே தெரிகிறது.

படிவத்தை வாங்கிக்கொண்டு போன அலுவலகப் பெண்தான் மாற்றி எழுதிவிட்டாள் என்று அவர் நம்புகிறார். தினமும் அந்த அலுவலகத்தில் போய் நின்றுவிட்டு வருகிறார். நேற்று அவள் மேல் ஒரு புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதையும் நான்தான் எழுதினேன் அக்கா. அவர் சொல்லச் சொல்ல, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை பட்டறை விஷயமாக விசாரணை. படிவத்தில் தவறாக எழுதியதை அன்றைக்குள் ஒப்புக்கொண்டால் திருத்திக்கொள்ளலாம் என்று நோட்டீசின் கடைசி வரியில் இருக்கிறது. நான் எல்லோருக்கும் படித்துக் காட்டியபோது அந்த வரி வருவதற்குள் அப்பா நோட்டீசை வாங்கி மடித்துவிட்டார். தெருவே பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும், வாயத் தொறக்காத என்றார். அவருக்கும் தூக்கமில்லை. தன் தம்பி வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது. சித்தப்பா வீட்டுக்கு வந்தால் நான் படிப்பதுபோல் குனிந்துகொள்கிறேன். படிக்கிற புள்ளைய தொந்தரவு பண்ணாதீங்க என்று அவரே எல்லோரையும் அதட்டுகிறார்.

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன் உன் கைக்கு வராது. அதனால் என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். புகாரைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கிழிக்க வேண்டும். அப்பா சொல்லித்தான் செய்தேன் என்பதைச் சொல்வேனா என்று தெரியவில்லை.

சித்தப்பா என்னை என்ன சொன்னாலும் எனக்காக நீ பரிந்து பேசாதே. அப்பாவைத் தனியாக விடாதே. லீவு கிடைத்தால் ஒரு நாள் வந்துவிட்டுப் போ. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

உன் தங்கை