ஆறு மணி பெஞ்சு

மார்ச் 3, 2025

இல்லை, செய்தி ஒன்றுமில்லை. வெறும் பேருந்து நிலையம். மாலை ஆறு மணிக்கு எங்கள் உள்ளூர் சேனலின் மொட்டைமாடி கேமரா அதைக் கொஞ்ச நேரம் காட்டும். யூடியூபிலும் ஓடும். எம்.ஏ. படித்துவிட்டு நான் பார்க்கும் வேலை, அந்தக் கேமராவைப் பார்த்துக்கொள்வது. ஷார்ஜாவிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: ‘திருவேங்கடம் போற பஸ் இன்னைக்கும் லேட்டா வே?’ ஏறி எங்கே போகப்போகிறார்?

மார்ச் 5

மஸ்கட்டில் அண்ணனும் பார்க்கிறான். அம்மாவின் அடக்கத்துக்கு அவன் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. அவன் பார்ப்பதைப் போன மாதம் சாப்பிடும்போது சொல்லிவைத்தேன். மறுநாளிலிருந்து ஆறு மணிக்குப் பேருந்து நிலைய டீக்கடை பெஞ்சில் அப்பா. இஸ்திரி போட்ட சட்டை.

“பேப்பர் படிக்கப் போறேன்.”

அதே பேப்பர் வீட்டுக்கும் வருகிறது.

மார்ச் 6

சோர்வு. வேறொன்றுமில்லை.

மார்ச் 10

அண்ணன் போன்.

“ஏட்டி, அப்பாவுக்கு இடது கால்ல என்ன? இழுத்து இழுத்து நடக்காரு.”

“ஒண்ணுமில்லையே.”

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்னத்தப் பாக்க நீ?”

பதிவை ஓட்டிப் பார்த்தேன். இழுத்துத்தான் நடக்கிறார். தினமும் சோறு போடுகிறேன் — தட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேனா?

மார்ச் 11

“காலைக் காட்டுங்கப்பா.”

“ஒண்ணுமில்ல, போ.”

“மஸ்கட்ல இருக்கவனுக்குத் தெரியுது. இங்கன இருக்க எனக்குத் தெரியல.”

பிறகு அவராகவே காலை நீட்டினார். பெருவிரலுக்கு அடியில் கறுத்த புண். சர்க்கரை.

“பெருசா வலி இல்ல மக்கா.”

அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 13

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் விட்டிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

மார்ச் 18

பெஞ்சு காலி. ‘பேப்பர் சாரைக் காணோமே?’ — ஷார்ஜா. ‘ஊருக்குப் போயிருப்பாரு’ — தோஹா. சேனல் நடத்தும் செல்லப்பா அண்ணாச்சி சிரித்தார்: “உங்கப்பாவப் பாக்கத்தான் கூட்டமே வந்திருக்கு போல.”

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அண்ணன் அழைத்தான். போனை நீட்டினேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 24

டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவைப் பேருந்து நிலையத்தில் நிறுத்தச் சொன்னார். மணி ஆறாகப் போகிறது.

“பேப்பர் இல்லையேப்பா.”

“இல்லாட்டா என்ன.”

பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைக் கேமராவுக்கு நேராக நீட்டி வைத்தார்.

சேனல் மாடியேறினேன். திரையின் கீழ் ஓரத்தில் பெஞ்சு, கால் தெரியவில்லை. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன்.